வாசலில் கஷாயம்! கொல்லையில் கொசுப்புழு!



2017 அக்டோபர் மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் என்று கொங்குச் சீமை முழுவதும் தெருவுக்கு நாலு வீட்டில் காய்ச்சல். ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் பள்ளிவாசல் வாசலில் அண்டா, அண்டாவில் நிலவேம்புக் குடிநீர், அண்டாவுக்குப் பின்னால் பேனர். நம் இளைஞர்கள் வியர்க்க விறுவிறுக்க ஊற்றிக் கொடுத்தார்கள். சாதி மதம் பார்க்காமல் எல்லோரும் வாங்கிக் குடித்தார்கள். மறுநாள் நாளிதழ்களில் படமும் வந்தது. அப்படியொரு வாசலில் நாமும் டம்ளர் நீட்டிக் கொண்டிருந்தோம்.

கொசு ஒழிப்புப் பணிக்கு வீடு வீடாக வரும் தினக்கூலிச் சகோதரி ஒருவர் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். குடித்து முடித்துவிட்டு, "ஏனுங்க பாய், பள்ளிவாசலுக்குப் பொறகால ஒருக்கா பாத்துக்கட்டுங்களா?" என்றார். பார்க்கட்டுமே என்று கூட்டிப் போனோம். குழாய் போட்ட பிறகு கைவிட்ட பழைய ஹவ்ள். அதன் மூலையில் ஒரு சாண் தண்ணீர். பக்கத்தில் வெள்ளையடித்த மிச்சத்தில் போட்டுவைத்த பெயிண்ட் டப்பாக்கள் ஏழெட்டு. அந்தச் சகோதரி டார்ச் அடித்தார். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்து நெளிந்து அடியில் போய் ஒளிந்தன. அவர் எங்களைத் திட்டவில்லை. "இத மொதல்ல கொட்டுங்க பாய்" என்றார், அவ்வளவுதான். வாசலில் கஷாயம் கொடுக்கிறோம், கொல்லையில் கொசு வளர்க்கிறோம்! அன்றைக்கு நமக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அதனால்தான் இந்தத் தலையங்கம்.

நிலவேம்புக் குடிநீர் கொடுக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அரசே கொடுத்தது, சித்த மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் ஊர் முழுக்க அண்டா அண்டாவாகக் காய்ச்சி ஊற்றினாலும் ஒரு கொசுவும் சாகாது. நோயைக் கொண்டு வருகிறவளை வீட்டுக்குள் குடிவைத்துக் கொண்டு வாசலில் மருந்து விற்பது என்ன நியாயம்?

கொண்டு வருகிறவள் யார் என்று சரியாகத் தெரிந்து கொள்ளுங்கள். 'ஏடிஸ் எஜிப்டி' என்பது அவள் பெயர். கடிப்பது பெண் கொசு மட்டும்தான். காலிலும் உடம்பிலும் வெள்ளை வரி இருக்கும். டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றுக்கும் முக்கிய வாகனம் இவளே. இங்கேதான் நம் சமுதாயம் ஒரு பெரிய தவறைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. காய்ச்சல் பரவியதும் சாக்கடையைக் காட்டி ஆர்ப்பாட்டம் செய்கிறோம். உக்கடம் பெரியகுளம் நாறுகிறது, வாலாங்குளம் நாறுகிறது என்று மனுக் கொடுக்கிறோம். அந்தக் கோரிக்கை நியாயமானது. சாக்கடை ஓரத்தில் குடியிருக்கும் ஏழைக்கும் மூக்கு இருக்கிறது, மானமும் இருக்கிறது. சாக்கடையில் பிறக்கும் கியூலெக்ஸ் கொசு இரவில் தூங்கவிடாது, யானைக்கால் நோயைப் பரப்பும். ஆனால் டெங்கு கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது சகோதரர்களே! நாம் குடிக்கப் பிடித்து வைத்த சிறுவாணித் தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். டிரம், சிமெண்ட் தொட்டி, குடம், ஆட்டுக்கல் குழி, ஃப்ரிட்ஜின் பின்னால் நீர் சொட்டும் தட்டு, மொட்டை மாடியில் கிடக்கும் உடைந்த வாளி, இளநீர் குடித்துவிட்டு எறிந்த கூடு, பிரியாணி விருந்தில் மிஞ்சிய பிளாஸ்டிக் கப். சுத்தமான தண்ணீர் ஒரு கை இருந்தால் அதற்குப் போதும்.

மழை வந்தால்தான் டெங்கு வரும் என்பதும் பாதி உண்மைதான். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது, 2017-ல் சிறுவாணி வற்றியது. குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று தெரியாத நிலையில் ஒவ்வொரு குடும்பமும் கிடைத்த பாத்திரத்தில் எல்லாம் பிடித்து வைத்தது. வறட்சியில் நிறைந்த அந்த டிரம்களும், பின்னால் பெய்த மழையில் நிறைந்த டப்பாக்களும் சேர்ந்துதான் கொசுவுக்கு ஊர் முழுக்கத் தொட்டில் கட்டின. அரசுக் கணக்குப்படியே அந்த ஆண்டு தமிழகத்தில் 23,294 பேருக்கு டெங்கு, 65 மரணம். அதற்கு முன் 2012-ல் 12,826 பேர், 66 மரணம். அந்த 2012-ல் முதலில் பற்றிக் கொண்ட ஊர்களில் ஒன்று எது தெரியுமா? அன்றைய நெல்லை மாவட்டத்துக் கடையநல்லூர், நம் மக்கள் நிறைந்து வாழும் ஊர். கடையநல்லூருக்கு வந்தது கரும்புக்கடைக்கும் கோட்டைமேட்டுக்கும் வராது என்று எழுதி வைத்திருக்கிறதா?

இது நம் நாட்டுக்குப் புதிய நோயும் அல்ல. வேலூரில் 1956-லேயே டெங்கு கிருமி பிரித்தெடுக்கப்பட்டது. 1996-ல் தலைநகர் டெல்லியில் 10,252 பேரைப் படுக்கையில் தள்ளி 423 உயிர்களைக் கொண்டு போனது. சிக்குன்குனியா 1963-ல் கல்கத்தாவிலும் 1964-ல் சென்னையிலும் ஆடிவிட்டு, எழுபதுகளுக்குப் பிறகு காணாமல் போனது. ஒழிந்தது என்று இருந்தோம். 2005-ல் திரும்பி வந்து, 2006-ல் தமிழகத்தில் வீட்டுக்கு வீடு ஆளை முடக்கியது. தக்பீர் கட்டி ருகூவுக்குக் குனிந்தவர் நிமிர முடியாமல் தவித்த காட்சி நினைவிருக்கிறதா? மூட்டுவலியால் வளைந்து போதல் என்பதுதான் அந்த ஆப்பிரிக்கப் பெயருக்கே பொருள். 2017-ல் நமக்கு அருகே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஜிகா கண்டறியப்பட்டது, 2021-ல் வாளையாறு தாண்டி கேரளாவில் வந்தது. கர்ப்பிணியைத் தாக்கினால் வயிற்றுப் பிள்ளையின் மூளையைப் பாதிக்கும் நோய் அது.

இனி மார்க்கத்துக்கு வருவோம். கொசு என்றதும் மேடையில் சிலர் நம்ரூதின் மூக்கில் கொசு புகுந்த கதையை அரைமணி நேரம் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஆதாரமான செய்தி எதுவும் அதற்கு இல்லை. கொசுவை உவமையாகச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று அல்குர்ஆன் 2:26 வசனத்தில் இருக்கிறது, அதைச் சொல்லட்டும். அதைவிட நமக்கு இன்று தேவையான செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக வருகிறது. பாத்திரங்களை மூடிவையுங்கள், தண்ணீர்த் தோல்பையின் வாயைக் கட்டிவையுங்கள் என்று அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். ஆண்டில் ஓர் இரவில் கொள்ளைநோய் இறங்குகிறது, மூடாத பாத்திரத்தைக் கண்டால் அதில் இறங்காமல் போவதில்லை என்றும் எச்சரித்தார்கள். மூட ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அல்லாஹ்வின் பெயர் சொல்லி ஒரு குச்சியையாவது குறுக்கே வைக்கச் சொன்னார்கள். குச்சி கொசுவைத் தடுக்காது. ஆனால் மூடுவதை எந்த அளவுக்கு வலியுறுத்தினார்கள் என்று பாருங்கள்! இந்த ஹதீஸ் நம்மிடம் பதினான்கு நூற்றாண்டுகளாக இருக்கிறது. நம் வீட்டு டிரம் திறந்து கிடக்கிறது.

"எல்லாம் அல்லாஹ் விதித்தபடி நடக்கும் ஹஜ்ரத், டிரம்மை மூடினால் விதி மாறிவிடுமா?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிப் போகும்போது, அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி ஸர்க் என்ற இடத்தில் வந்து சேர்ந்தது. படையோடு திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்களே கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். அந்தப் பெரியவருக்கும் இதையே சொன்னோம். டிரம் திறந்து கிடப்பதும் விதி என்றால், அதை மூடும் கை உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருப்பதும் விதிதான்.

இப்போது வியாபாரச் சகோதரர்களிடம் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. பழைய இரும்பு, பழைய டயர், பழைய பிளாஸ்டிக், இதில் பெரும் பகுதி நம் கையில் இருக்கிறது. காயலான் கடை என்ற பெயரே காயல்பட்டினத்தார் செய்த தொழிலால் வந்தது என்பார்கள். ஹலாலான தொழில், ஊரின் குப்பையைக் காசாக்கும் நல்ல தொழில். ஆனால் வானம் பார்த்துக் குவித்து வைத்த டயர் ஒவ்வொன்றும் ஒரு கொசுப் பண்ணை. டயரின் வயிற்றுக்குள் தேங்கும் தண்ணீரை எந்தப் பக்கம் புரட்டினாலும் முழுவதும் கொட்ட முடியாது. 1985-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் பகுதியில் அதுவரை அங்கே குடியேறாத ஆசியப் புலிக்கொசு குடியேறியதைக் கண்டு திகைத்தார்கள். எப்படிக் கடல் தாண்டியது? கப்பலில் வந்த பழைய டயர்களுக்குள் இருந்த முட்டைகளாக! கடலையே தாண்டுகிற முட்டைக்கு உக்கடத்திலிருந்து செல்வபுரம் என்ன தூரம்? நாமக்கல், சங்ககிரியிலிருந்து லாரி டயர் ஏற்றி வருபவர்களும் இதைக் காதில் போட்டுக் கொள்ளுங்கள். டயர் என்றால் கூரைக்கு அடியில் இருக்க வேண்டும். கூரை இல்லையென்றால் தார்ப்பாய். அதுவும் குழி விழாமல் இழுத்துக் கட்டிய தார்ப்பாய்.

"அபராதம் போட நம் கடைகளைத்தான் தேடி வருகிறார்கள்" என்று ஒரு குறை நம் காதுக்கு வந்தது. எங்காவது பாரபட்சம் நடந்தால் ஆதாரத்தோடு கொண்டு வாருங்கள், நாமே போய்க் கேட்போம். ஆனால் டயரில் புழு இருந்ததா இல்லையா? இருந்தது என்றால், 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் இருக்கட்டும், மறுமையில் அண்டை வீட்டாரின் உரிமை பற்றிக் கேட்கப்படும் கேள்விக்கு என்ன பதில்? இந்தக் கொசு நெடுந்தூரம் பறக்காது. பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து நூறு இருநூறு அடிக்குள், போனால் சில நூறு மீட்டருக்குள் அதன் வாழ்க்கை முடிந்துவிடும். உங்கள் பிள்ளையைக் கடித்த கொசு உங்கள் தெருவில் பிறந்தது. உங்கள் டயரில் பிறந்தது அடுத்த சந்தில் இருக்கும் மாற்றுமத அண்டை வீட்டார் பிள்ளையையும் கடிக்கும். 1997, 1998-க்குப் பிறகு இந்த நகரத்தில் தெருவுக்குத் தெரு மனதில் ஒரு கோடு விழுந்து கிடக்கிறது, நாம் மறைத்துப் பயனில்லை. கொசு அந்தக் கோட்டை மதிப்பதில்லை. நாமும் அதைத் தாண்டி இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு சந்தைச் சுத்தம் செய்தால் என்ன குறைந்துவிடும்?

அடுத்தது கதவு. கொசுப்புழு பார்க்க வரும் பணியாளர்களுக்கு நம் பகுதிகளில் பல வீடுகளில் கதவு திறப்பதில்லை. காரணம் நமக்குத் தெரியும். 2019 டிசம்பரிலும் 2020 தொடக்கத்திலும் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்துத் தெருவில் நின்ற நாட்களில், நோட்டுப் புத்தகத்தோடு யார் வந்தாலும் நம் தாய்மார்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வருபவர் உங்கள் பிறப்புச் சான்றிதழைக் கேட்பதில்லை. வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் தினக்கூலிக்கு வெயிலில் அலையும் ஏழைப் பெண்கள். ஒவ்வொரு முஹல்லாவிலும் நம் மகளிர் அணிச் சகோதரிகள் இருவர் அவர்களோடு கூட நடந்தால் எந்தக் கதவும் திறக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தால் அதற்கும் நன்மை உண்டு.

கொசு கடிக்கும் நேரத்தையும் கவனியுங்கள். இரவுக் கொசுவலை இதற்கு முழுப் பாதுகாப்பல்ல, ஏனென்றால் இது பகலில் கடிக்கும். காலை வெயில் ஏறும் முன்னும், அந்தி சாயும் முன்னும் மிக அதிகம். ஃபஜ்ருக்குப் பிறகும், அஸருக்கும் மக்ரிபுக்கும் நடுவிலும்! நம் பிள்ளைகள் மக்தபில் பாய் விரித்து வரிசையாக உட்கார்ந்து ஓதுகிற நேரம் அதுவேதான். உஸ்தாதுமார்களே, முத்தவல்லிமார்களே! மக்தபின் குடிநீர்த் தொட்டியை, உளூச் செய்யும் இடத்து வாளியை, மய்யித் குளிப்பாட்டும் அறையை, விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் மதரஸா விடுதியின் கழிப்பறைத் தொட்டியைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று? பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை போட்டு அனுப்பச் சொல்லுங்கள். நம் முன்னோர் ஹவ்ளில் மீன் விட்டு வைத்தார்கள். அழகுக்கு என்று நினைத்தோம். கப்பி, கம்பூசியா மீன்களைக் குளத்தில் விடச் சொல்லிச் சுகாதாரத்துறை இன்று சொல்வதும் அதே காரணத்துக்காகத்தான், புழுவைத் தின்றுவிடும்.

தொட்டியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. இதைப் பலர் அறியவில்லை. முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக் கொள்கிறது. தண்ணீரைக் கொட்டிக் காயவைத்தாலும் பல மாதங்கள் உயிரோடு காத்திருக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். எனவே தேங்காய் நாரோ பிரஷோ கொண்டு பிளீச்சிங் பவுடர் போட்டு உட்சுவரைத் தேய்க்க வேண்டும். பொரித்த புழு பறக்கும் கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள். அதனால் வாரம் ஒருமுறை தேய்த்தால் சங்கிலி அறுந்துவிடும். வாரம் ஒருமுறை என்றதும் நமக்கு வெள்ளிக்கிழமை நினைவுக்கு வர வேண்டாமா? ஜும்ஆவுக்கு நாம் குளிக்கும் முன் தொட்டி குளிக்கட்டும். எங்கள் பகுதியில் வெள்ளிக்கிழமை தண்ணீர் வராதே என்பவர்கள், தண்ணீர் வரும் நாளில் புதுத் தண்ணீர் பிடிக்கும் முன் தேய்த்துவிடுங்கள். மூடிதான் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், டிரம் மூடிகளில் பாதிக்கு ஒரு பக்கம் இடைவெளி இருக்கும். திருப்பூரில் பனியன் துணி வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கிறது. அதை வாயில் விரித்து ரப்பர் வைத்து இறுக்கிக் கட்டுங்கள், கொசு உள்ளே போகாது. தெருவில் அடிக்கும் புகைமருந்தைக் கண்டு ஏமாறாதீர்கள். பறக்கிற கொசுவில் கொஞ்சம் சாகும். டிரம்முக்குள் இருக்கிற புழுவுக்கு அது தெரியவே தெரியாது.

இத்தனைக்கும் பிறகு காய்ச்சல் வந்துவிட்டால்? வியாபாரிகள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். 2017-ல் நமக்கு நன்கு தெரிந்த ஜவுளி வியாபாரி ஒருவர், பெயர் வேண்டாம், மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று கடையைத் திறந்து தீபாவளி வியாபாரத்தில் உட்கார்ந்தார். வயிறு வலித்தது, வாந்தி வந்தது, வெயிலில் அலைந்த அசதி என்றார். மறுநாள் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதற்கு மறுநாள் கபரில் வைத்துவிட்டு வந்தோம். டெங்குவின் குணம் இதுதான் சகோதரர்களே! காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரம். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, இரத்தம் கெட்டியாகி, அழுத்தம் விழும் நேரம் அந்த ஒன்றிரண்டு நாட்கள்தான். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், பிள்ளை சுருண்டு சோர்ந்து கிடத்தல், இதில் ஒன்று தெரிந்தாலும் கடைச் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். அங்கே பரிசோதனைக்குக் காசில்லை.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், அதுவும் மருத்துவர் சொல்லும் அளவில். உடம்பு வலிக்கிறது என்று மெடிக்கலில் போய் ஆஸ்பிரின், இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்காதீர்கள், வலி ஊசியும் போட்டுக் கொள்ளாதீர்கள். இரத்தக் கசிவை அவை கூட்டிவிடும். இதய நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் அன்றே மருத்துவரைக் கேட்கட்டும். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் குடித்துக் கொண்டே இருக்க வேண்டும். காய்ச்சல்காரரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடித்த கொசுதான் ஒரு வாரம் பத்து நாள் கழித்து அடுத்தவருக்குக் கொடுக்கும். ஒருமுறை வந்துவிட்டது, இனி வராது என்றும் நினைக்காதீர்கள். டெங்கு கிருமியில் நான்கு வகை. முதலில் ஒன்று, பிறகு வேறொன்று வந்தால் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். 2012-லும் 2017-லும் தப்பித்தவர்கள்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இரத்ததானத்தில் நம் பிள்ளைகள் எப்போதும் முன்னால் நிற்பவர்கள். மழைக்காலத்தில் நள்ளிரவிலும் தட்டணு கேட்டு அலைபேசி அடிக்கிறது, எழுந்து போகிறார்கள். அல்லாஹ் கூலி கொடுப்பான். எண்ணிக்கை குறைந்ததுமே எல்லோருக்கும் தட்டணு ஏற்றத் தேவையில்லை, அதை மருத்துவர் முடிவு செய்யட்டும், குடும்பத்தார் பதறி நெருக்க வேண்டாம். ஐ.சி.எம்.ஆர். 2024-ல் ஒரு டெங்கு தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனையைத் தொடங்கியது. ஊசி வரட்டும், நல்லது. ஹவானா நகரம் எந்த ஊசியும் இல்லாத 1901-லேயே இதே ஏடிஸ் கொசு பரப்பிய மஞ்சள் காய்ச்சலை விரட்டியது. வீடு வீடாகப் போய்த் தண்ணீர்ப் பாத்திரங்களைக் கொட்டியும் மூடியும்தான் விரட்டினார்கள்.

மாநகராட்சிக்கும் நகராட்சிகளுக்கும் நம் கோரிக்கை இருக்கிறது, அதை விட்டுவிட மாட்டோம். தண்ணீரை முறை தவறாமல் குறிப்பிட்ட நாளில் கொடுங்கள். நாள் தெரிந்தால் ஏழை பத்துக் குடம் பிடித்து அடுக்க மாட்டான். கொசுப்புழு பார்க்கும் தினக்கூலிப் பணியாளர்களுக்குக் கூலியை ஒழுங்காகக் கொடுங்கள், காய்ச்சல் வந்த பிறகு மட்டும் ஆளெடுக்காதீர்கள். குப்பையைக் கணக்காக அள்ளுங்கள். இதற்கான மனுவை எல்லாக் கிளைகளும் மழைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.

கிளை நிர்வாகிகள் வரும் வெள்ளிக்கிழமை காலை ஃபஜ்ருக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் பள்ளிவாசல், பிறகு மக்தப், பிறகு காயலான் கடைகள், பிறகு வீடுகள். பேனர் வேண்டாம். ஃபோட்டோ வேண்டாம். நார், பிளீச்சிங் பவுடர், டார்ச் லைட் போதும்.

இதை எழுதி முடித்துவிட்டு நம் அலுவலக மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தோம். போன மாநாட்டுக்கு அடித்த ஃபிளெக்ஸ் தட்டி மடித்துக் கிடந்தது. மடிப்பில் மழைத் தண்ணீர், தண்ணீரில் புழு. கொட்டித் தேய்த்துக் காயப் போட்டிருக்கிறோம். மற்ற அலுவலகங்களிலும் மாடிக்கு ஏறிப் பாருங்கள்.